கொலனி, கலம் எண்ணுறவைக்கு: இண்டைக்கு வந்த கேள்வியள்

கேள்வி: அக்கா, ஏம்ஸ் ரெஸ்டில (ஒரு மருந்து பக்ரீரியாவில மரபணு மாற்றம் உண்டாக்குதோ எண்டு கொலனி எண்ணிப் பாக்கிற சோதனை) ஒரு டோசுக்கு மூண்டு பிளேட், கொலனி 98, 121, 144. பொய்சன் (எண்ணிக்கைக்குப் போடுற பரம்பல்) போடலாமோ?

பதில்: நீரே பாரும் தம்பி, இடை 121, வேரியன்ஸ் (எண்ணிக்கையள் எவ்வளவு சிதறுது எண்ட அளவு) 529. பொய்சன் எண்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா வரவேணும், இஞ்ச நாலு மடங்குக்கு மேல நிக்குது. அகார் ஊத்தின விதம், விழுந்த பக்ரீரியா அளவு எண்டு பிளேட்டுக்குப் பிளேட் ஆடும், அதைக் கணக்கில எடுக்காட்டி நியம வழு (மதிப்பீடு எவ்வளவு ஆடும் எண்டது) அரைவாசியாக் குறைஞ்சு காட்டும், ஒண்டுமில்லாததும் பெரிசாத் தெரியும். ஆனா மூண்டு பிளேட்டை மட்டும் நம்பாதையும், எல்லா டோசையும் சேர்த்து இந்த ஆட்டத்தை மதிப்பிட்டுட்டு கூடின சிதறலுக்கு இடம் குடுக்கிற குவாசி பொய்சனோ நெகற்றிவ் பைனோமியலோ போடும்.

கேள்வி: சின்ன வெங்காய வேரில மைக்ரோநியூக்கிளியஸ் (கலத்தில கருவுக்குப் பக்கத்தில தனியா நிக்கிற குட்டிக் கரு) எண்ணுறன். தோட்டக் கிணத்துத் தண்ணிக்கு 5 வெங்காயம், ஒவ்வொண்டிலயும் 1000 கலம். மாதிரி அளவு 5000 தானே?

பதில்: இல்லைப் பிள்ளை, 5. தண்ணியில வைச்சது வெங்காயத்தை. ஒரே வெங்காயத்தின்ர கலங்கள் ஒண்டையொண்டு ஒத்துத்தான் இருக்கும். எண்ணின கலம் வெங்காயத்துக்கு வெங்காயம் வித்தியாசமெண்டா அதின்ர மடக்கையை ஓவ்செற்றா (மொடல்ல நிலையாச் சேக்கிற பெறுமானமா) வையும்.

கேள்வி: தங்கச்சி, நாங்கள் லாபில கொலனி கட்டுப்பாட்டின்ர ரெண்டு மடங்கு தாண்டினா பொசிற்றிவ் எண்டுதான் எழுதிறனாங்கள். உந்த மொடல் எல்லாம் எதுக்கு?

பதில்: அண்ணை, ரி.ஏ. 1537 எண்ட பக்ரீரியா ஸ்ட்ரெயினில, மருந்து போடாத கட்டுப்பாட்டுப் பிளேட்டிலயே 5 கொலனிதான் எண்டு வையுங்கோ, அஞ்சு டோஸ் பாத்தா ஏதோ ஒண்டு தற்செயலாயே 10ஐத் தொடக்கூடும். ரி.ஏ. 100இல 120 இருந்து 180 ஆகினா அது உண்மையான ஏற்றமா இருக்கலாம், உங்கட விதி அதைத் தவறவிடும்.

அவரே திரும்ப: அதுக்குத்தானே 1537க்கு மூண்டு மடங்கு வைக்கிறம்!

பதில்: அப்ப ஸ்ட்ரெயினுக்கு ஒரு விதியோ? ஏம்ஸ் ரெஸ்டுக்கான சர்வதேச வழிகாட்டி ஓ.ஈ.சி.டி. 471ஐ எடுத்து வாசியுங்கோ, டோசோட ஏறுதோ, திரும்பச் செய்தாலும் வருதோ எண்டுதான் அது கேக்குது. புள்ளிவிபரம் மட்டும் முடிவில்லை எண்டும் சொல்லுது, அந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுத்தாறன்.

கேள்வி: கடைசி டோசில கொலனி குறைஞ்சிட்டுது. மருந்து நல்லதோ?

பதில்: பக்ரீரியா செத்திருக்கும். பின்னால மெல்லிசாப் படர்ந்த பக்ரீரியாப் படை ஐதாகிட்டுதோ எண்டு பாரும். அந்த டோசையும் நேர்கோட்டில இழுத்தா ஏற்றமே மறைஞ்சுபோம்.

கேள்வி: அக்கா, 8 வெங்காயம், 8000 கலம்...

பதில்: எட்டு. மேல வாசியும்.

கேள்வி: கன பூச்சியம் இருக்கு, சீரோ இன்பிளேற்றட் (மேலதிக பூச்சியத்துக்கு எண்டு இருக்கிற மொடல்) போடட்டோ?

பதில்: இடை சின்னனெண்டா பூச்சியம் வரத்தான் செய்யும். முதல் நெகற்றிவ் பைனோமியல்.

கேள்வி: சுன்னாகத்தில எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?

பதில்: பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பி.எச்.ஐ.) கேளுங்கோ. வெங்காய வேர் அதுக்குப் பதில் சொல்லாது.