ஏத்தங்காய் சிப்ஸுக்கு வளைகுடாவில் குடோன் எடுப்பது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) சிப்ஸ் தயாரிக்கிறோம். இறக்குமதியாளர் ஒருவர் மூலம் துபாய், ஷார்ஜா கடைகளுக்குப் போகிறது. இனி அங்கேயே சொந்தமாக ஒரு குடோன் எடுத்து, அடுத்த கட்டமாகப் பொட்டலமிடும் சிறு தொழிற்சாலையும் தொடங்க நினைக்கிறோம். இடம் எப்படித் தேடுவது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

நான் தக்கலைக்காரன். ஷார்ஜாவிலும் துபாயிலும் உணவுப்பொருள் குடோன்களில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, பிறகு பொறுப்பாளராக இருந்து, ஊர் திரும்பியவன். இப்போது நம் மாவட்டத்துச் சிறு ஏற்றுமதியாளர்கள் சிலருக்குச் சரக்கு அனுப்பும் வேலையில் உதவுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குழித்துறையில் ஒரு கட்டடம் எடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? முதலில் கட்டடத்தைப் பிடிப்போம், பிறகு உள்ளாட்சி அனுமதி, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று ஒவ்வொன்றாக வாங்குவோம். அமீரகத்தில் இந்த வரிசை செல்லாது. அங்கே தொழில் லைசென்ஸும் இடமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. எந்த இடத்தில் வாடகைக்கு இருக்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் நீங்கள் என்ன விற்கலாம், யாருக்கு விற்கலாம், எத்தனை பேருக்கு விசா கிடைக்கும் என்பதெல்லாம். ஆகவே வாடகை விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன், உங்கள் சிப்ஸை வாங்கப்போவது யார் என்பதை முடிவு செய்யுங்கள்.

கராமா, ரோலா, அஜ்மான் பக்கத்துக் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் நேரடியாகப் போட வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவை மெயின்லாண்ட், அதாவது ஃப்ரீ ஸோன்களுக்கு வெளியே உள்ள பொதுப் பகுதியின் லைசென்ஸும் அங்கேயே ஒரு குடோனும். 2021க்குப் பிறகு பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவர் நூறு சதவீதம் உரிமையோடு மெயின்லாண்ட் நிறுவனம் தொடங்க முடிகிறது. உள்ளூர் அரபிக்கு 51 சதவீதம் கொடுத்த காலம் போய்விட்டது. துபாயின் ஜெபல் அலி, ஷார்ஜாவின் ஹம்ரியா போன்ற ஃப்ரீ ஸோன்களின், அதாவது தனி விதிகளோடு வேலியிட்ட தொழில் வளாகங்களின், கணக்கு வேறு. சரக்கை இறக்கி வைத்து ஓமான், ஆப்பிரிக்கா என்று வெளியே அனுப்புகிறவர்களுக்கு அவை அருமையான இடங்கள். உள்ளே இருக்கும்வரை சுங்கவரி கிடையாது. ஆனால் வேலியைத் தாண்டி மெயின்லாண்டுக்குள் வரும்போது அது இறக்குமதியாகிவிடும். பொதுவான சுங்கவரி 5 சதவீதம். விற்பனைக்கும் பொதுவாக மெயின்லாண்ட் விநியோகஸ்தர் ஒருவர் வேண்டும். இப்போது உங்களுக்கு இருக்கும் அதே இறக்குமதியாளர் மறுபடியும் நடுவில் வந்து நிற்பார். குடோன் வாடகை மட்டும் உங்கள் தலையில் கூடுதலாக ஏறியிருக்கும்.

ஃப்ரீ ஸோன் என்றாலே வரி இல்லை என்பதும் பழைய பேச்சு. 2023 ஜூன் முதல் அமீரகத்தில் 9 சதவீத கார்ப்பரேட் வரி இருக்கிறது. 3,75,000 திர்ஹாம் வரையிலான லாபத்துக்கு அது விழாது. ஃப்ரீ ஸோன் நிறுவனங்களுக்கு அதற்கென்று வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட வருமானத்துக்கு மட்டுமே சுழிய வரி.

இன்னொன்று, பலரும் ஆசையோடு சொல்லும் சவூதிக் கணக்கு. “அங்கே பொட்டலம் போட்டால் அமீரகப் பொருளாகிவிடும், சவூதிக்கு வரியில்லாமல் அனுப்பலாம்” என்பார்கள். நம்பாதீர்கள். நம்மூரில் வறுத்த சிப்ஸைக் கொண்டுபோய் அங்கே சிறு பொட்டலமாக மாற்றினால் அது இந்தியப் பொருள்தான். பிறப்பிடம் மாற வேண்டுமென்றால் உண்மையான உற்பத்தி அங்கே நடக்க வேண்டும். அதுவும் போதாது: 2021 ஜூலையில் சவூதி அரேபியா, ஃப்ரீ ஸோன்களில் தயாராகும் பொருள்களுக்கு வளைகுடா நாடுகளுக்கிடையிலான வரிச்சலுகை இல்லை என்று விதியை மாற்றியது. சவூதியை மனத்தில் வைத்துத் தொழிற்சாலை போடுகிறவர் முதலில் அன்றைய விதியை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டுத்தான் இடம் பார்க்க வேண்டும்.

அடுத்து, எவ்வளவு இடம்? இங்கேதான் நம்மவர்கள் அகலக்கால் வைக்கிறார்கள். சிப்ஸ் எடை இல்லாத சரக்கு. இருபதடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அட்டைப்பெட்டிகளாக அடுக்கினால் 28 கன மீட்டர் அளவுக்குத்தான் ஏறும். எடை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே இடம் நிரம்பிவிடும். அந்தச் சரக்கை இறக்கி, ஒரு மீட்டருக்கு 1.2 மீட்டர் பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஏறக்குறைய 16 பேலட் வரும். தரையில் அவை அடைக்கும் இடம் சுமார் 200 சதுர அடி. நடைபாதை, ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் இடம், சரிபார்க்கும் இடம் எல்லாம் சேர்த்தால் 500 சதுர அடி. சிப்ஸ் பேலட் மேல் இன்னொரு பேலட்டை ஏற்ற முடியாது, கீழே உள்ளது நொறுங்கிவிடும். ரேக் போட்டால்தான் உயரம் பயன்படும். கொச்சியிலிருந்து ஜெபல் அலிக்கு நேரடிக் கப்பல் என்றால் ஏறத்தாழ ஒரு வாரம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மூன்று மாதச் சரக்கை அங்கே தேக்கி வைக்க என்ன அவசியம்? அதுவும் வைக்க வைக்க மணம் குறையும் பொருளை?

ஆகவே முதல் வருடம் தனிக் குடோனே எடுக்காதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. உணவுப்பொருள் வைக்க நகராட்சி அனுமதி பெற்ற லாஜிஸ்டிக்ஸ் நிறுவனங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. பேலட் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாடகை, உள்ளே ஏற்றக் கூலி, வெளியே எடுக்கக் கூலி, அவ்வளவுதான். ஓணத்துக்கும் ரமலானுக்கும் பேலட் கூடும், மற்ற மாதங்களில் குறையும். குறையும்போது வாடகையும் குறையும். ஒரு வருடக் கணக்கு கையில் வந்தபின் தனி இடம் தேடினால், எவ்வளவு சதுர அடி என்று நீங்களே சொல்வீர்கள், புரோக்கர் சொல்ல வேண்டியிருக்காது.

தனி இடம் பார்க்கப் போகும்போது கோடையில் போங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கவே அங்கே தடை. வெயிலின் கடுமையை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் குடோனுக்குள் போய் நில்லுங்கள். ஜனவரியில் எந்தக் குடோனும் ஊட்டி மாதிரிதான் இருக்கும். ஜூலை மதியத்தில் தகரக்கூரையின் கீழே உயரமான ரேக்கின் மேல்தட்டில் இருக்கும் சூடு வேறு, தரையில் இருக்கும் சூடு வேறு. ஒரு தெர்மாமீட்டரை மேல்தட்டு உயரத்தில் அரைமணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயில் பொரித்த சிப்ஸ் அந்தச் சூட்டில் சில வாரங்கள் இருந்தால் பையைத் திறந்ததும் காறல் வாடை வரும். கடைக்காரர் ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுபடி உங்கள் பெயரை எடுக்க மாட்டார். ஏசி உள்ள குடோனா, கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பூச்சு இருக்கிறதா, மின்கட்டணம் யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஏசிக்கான மின்கட்டணம் கோடையில் வாடகைக்குப் போட்டியாக வந்து நிற்கும்.

அப்புறம் மூக்கைப் பயன்படுத்துங்கள். முன்பு இருந்தவர் பெயின்ட்டோ, டயரோ, வாசனைத் திரவியமோ வைத்திருந்தால் அந்த வாடை சிமென்ட் தரையில் மாதக்கணக்கில் நிற்கும்; சிப்ஸ் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். பக்கத்துச் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள். தரையில் வெடிப்பு இருந்தால் எறும்பும் கரப்பானும் அங்கிருந்துதான் வரும், நகராட்சி ஆய்வாளரின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். கன்டெய்னர் லாரியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் இருக்கும். அதே உயரத்தில் மேடை இருக்கிறதா, இல்லையென்றால் சாய்தளம் வைக்க முடியுமா? நாற்பதடி லாரி வாசலில் வளைந்து பின்வாங்க இடமிருக்கிறதா? விளம்பரத்தில் போட்டிருக்கும் உயரம் கூரையின் உச்சி உயரமா, உத்தரத்துக்குக் கீழே கிடைக்கும் உயரமா? டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

தொழிற்சாலைக்கு வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். பெரிய பையைத் திறந்து சிறு பையில் மாற்றும் அந்த நேரத்திலேயே சிப்ஸ் நமத்துவிடும். நைட்ரஜன் அடைத்து இங்கேயே பொட்டலமிட்டு, கட்டாயமான அரபு விவரங்களையும் இங்கேயே அச்சிட்டு அனுப்புவது மலிவு. மார்த்தாண்டத்தில் பொட்டலமிடும் பெண்களின் கைப்பழக்கத்தை அங்கே விசா, தங்குமிடம், காப்பீடு கொடுத்து ஈடுகட்டுவது எளிதல்ல. என்றாவது போட்டே தீர வேண்டிய நிலை வந்தால், இடத்தின் அழகைவிட மின்சாரத்தைப் பாருங்கள். குடோனாகக் கட்டப்பட்ட இடத்துக்கு விளக்கும் ஏசியும் ஓடும் அளவுக்குத்தான் மின்பளு ஒதுக்கியிருப்பார்கள். கூடுதல் கிலோவாட் கேட்டு வாங்குவதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். சில கட்டடங்களில் கிடைக்கவே கிடைக்காது. தீயணைப்பு அனுமதியும் பயன்பாட்டைப் பொறுத்து மாறும். “இந்த இடத்தில் உணவு பதப்படுத்தல் அனுமதிக்கப்பட்டது” என்ற எழுத்து கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாடகையை அங்கே சதுர அடிக்கு, வருடத்துக்கு இத்தனை திர்ஹாம் என்று சொல்வார்கள். நம்மூர் போல மாத வாடகை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். அதன் மேல் 5 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி), முன்பணம், புரோக்கர் கமிஷன், பராமரிப்புக் கட்டணம். வருட வாடகையை வரப்போகும் தேதிகள் போட்ட ஒன்று முதல் நான்கு காசோலைகளாக முதல் நாளே வாங்கிக்கொள்வார்கள். 2022 முதல் பணமில்லாமல் காசோலை திரும்பினால் புது வழக்குப் போடாமலே பணத்தை வசூலித்துத் தரும் நிறைவேற்று நீதிமன்றத்துக்கு வீட்டுக்காரர் நேராகப் போக முடியும். பணம் வரும் தேதியைக் கடைக்காரர் தள்ளித் தள்ளிப் போடும் தொழிலில் இது கையைச் சுடும். ஒப்பந்தத்தில் அரபும் ஆங்கிலமும் முரண்பட்டால் அங்கத்திய நீதிமன்றத்தில் அரபுதான் நிற்கும். சட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஒப்பந்தத்தின் அரபுப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம். இங்கே அநேக வீடுகளில் வளைகுடாவில் ஒருவர் இருக்கிறார். “அத்தை மகன் அங்கேதான் இருக்கிறான், அவன் பெயரில் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம், பணத்தை உண்டியலில் (வங்கி வழியல்லாத ஆள்வழி ஏற்பாடு) அனுப்பிவிடலாம்” என்று ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். லைசென்ஸ் யார் பெயரிலோ குடோனும் உள்ளே இருக்கும் சரக்கும் சட்டப்படி அவருடையவை. அவர் நல்லவராக இருக்கலாம்; நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அவருடைய வாரிசுகளிடம் நீங்கள் என்ன காகிதத்தைக் காட்டுவீர்கள்? உண்டியலில் போன பணத்துக்கு இங்கேயும் கணக்கில்லை, அங்கேயும் கணக்கில்லை. லாபத்தை நேர்வழியில் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, உங்கள் நிறுவனத்தின் நிகர மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை முன் அனுமதி இல்லாமலே வங்கி வழியாக முதலீடு செய்யலாம். வங்கி மூலம் அடையாள எண் பெற்று, அதன் பிறகு பணம் அனுப்பி, ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். நாகர்கோவிலில் அந்நியச் செலாவணி பார்க்கும் வங்கிக் கிளையையும், இதைச் செய்து பழகிய பட்டயக் கணக்காளர் ஒருவரையும் முதலில் பாருங்கள். அத்தை மகனை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமும் நல்ல சம்பளமாகக் கொடுங்கள்.

எந்த ஊர் என்றால், உங்கள் கடைகள் பெரும்பாலும் ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் இருந்தால் ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாக்களிலேயே பாருங்கள், துபாயைவிட வாடகை பொதுவாகக் குறைவு. கடைகள் துபாயில் என்றால் அந்த வாடகை மிச்சம் சாலையில் கரைந்துவிடும். காலையும் மாலையும் இரண்டு ஊருக்கும் நடுவே நெரிசல் கடுமை, லாரிகளுக்கு நேரத் தடையும் உண்டு. அப்படியானால் துபாய்க்குள்ளேயே அல் கூஸ், ராஸ் அல் கோர் பக்கம் விசாரியுங்கள்.

மாதத்துக்கு எத்தனை பெட்டி போகிறது, பெட்டியின் நீள அகல உயரம் என்ன, எந்தெந்த ஊர்க் கடைகளுக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எத்தனை பேலட் இடம் போதும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.