அந்த ஆறு டிராயர் மேப்பிள் டிரெஸ்ஸரை வாங்கலாமா?

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செப்டம்பரில் டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்து ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில், அதாவது அடித்தளத்தில், வாடகைக்கு இருக்கிறீர்கள். வீட்டில் இருப்பது ஒரு மெத்தையும் ஒரு மடக்கு மேசையும்தான். மூன்று வயதுப் பையனின் துணியெல்லாம் இன்னும் சூட்கேஸில். இரண்டு தெரு தள்ளி வீட்டைக் காலி செய்யும் ஒரு வயதான அம்மா, துணி வைக்க ஆறு டிராயர் வைத்த பழைய மேப்பிள் மர டிரெஸ்ஸரை 40 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். பையன் தூங்கிய பிறகு பழைய சாமானைப் புதுப்பிக்கும் வீடியோக்களாகப் பார்த்து, அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்து, பித்தளைக் கைப்பிடி மாட்டி, மேலே சாமி படம் வைப்பதாகக் கனவு காண்கிறீர்கள். உங்கள் கணவரோ, "இவ்வளவு தூரம் வந்து அடுத்தவன் பழசைத்தான் தூக்கிட்டு வரணுமா?" என்கிறார். வாங்கலாமா, பேஸ்மென்ட்டிலேயே வேலையை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குங்கள். நாளைக்கே போய்ப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் வெள்ளை அடிக்க வேண்டாம். பேஸ்மென்ட்டில் உப்புத்தாளும் போட வேண்டாம். இந்தக் குளிர்காலத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும். மற்ற வேலையை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதையே என் வீட்டுக்காரரும் 2009 பிப்ரவரியில் சொன்னார். அந்தக் கூச்சம் நியாயமானதுதான். நம் ஊரில் தெருவில் கிடப்பதை எடுப்பவரைப் பார்க்கிற பார்வை நமக்குத் தெரியும். ஆனால் இங்கே வாசலில் நாற்காலியை வைத்து "இலவசம்" என்று தாளில் எழுதி ஒட்டுகிறவர், அதை யாராவது எடுத்துப் போகட்டும் என்றுதான் வைக்கிறார். மாதக் கடைசியிலும் குப்பை வண்டி வருவதற்கு முந்தின மாலையிலும் இந்த ஊரில் எத்தனையோ வீட்டு வாசலில் இது நடக்கும். சந்தேகமாக இருந்தால் மணி அடித்துக் கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுத்த வீட்டுப் பழைய கதவுக்கும் பெட்டிக்கும் ஜனங்கள் பேரம் பேசி நிற்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். நல்ல மரம் கைமாறுவதில் அவமானம் எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

அந்த டிரெஸ்ஸர் உண்மையிலேயே நல்ல மரமா என்று முதலில் பார்க்க வேண்டும். மேல் டிராயரை முழுசாக வெளியே இழுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், புறா வாலை விரித்தது போல, பல்லுக்குள் பல் மாட்டியிருந்தால் நல்ல தச்சு வேலை. ஸ்டேப்பிள் பின் மட்டும் அடித்திருந்தால் யோசியுங்கள். பிறகு மேல்பலகையின் ரேகை ஓரத்தில் மடிந்து கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். அசல் பலகை என்றால் ஓரத்தில் அதே மரத்தின் வெட்டு முகம் தெரியும். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, அதாவது வெனீர் என்றால் தாள் போல ஒரு கோடு தெரியும். வெனீர் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் பல சாமான்களில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்புத்தாள் மெஷினை வைத்து இரண்டு நிமிடம் அழுத்தினால் அடியில் இருக்கிற பலகை எட்டிப்பார்த்துவிடும். என் முதல் மேசை அப்படித்தான் போனது. பிறகு அதற்குப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

டிராயருக்குள்ளே முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கியூபெக் மாகாணத்துக் கௌவன்ஸ்வில் ஊரில் செய்த விலாஸ் மேப்பிள் சாமான்கள் இங்கே பழைய வீடுகளில் நிறைய உண்டு. டொராண்டோவுக்குக் கிழக்கே நேபனீ ஊரில் 1835ல் தொடங்கிய கிப்பர்ட் பட்டறையின் வால்நட், மஹாகனி சாமான்களும் கண்ணில் படும். இரண்டில் எது கிடைத்தாலும் 40 டாலர் கொள்ளை மலிவு. முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பல்லும் பலகையும் சரியாக இருந்தால் எடுங்கள்.

அடுத்தது மூட்டைப்பூச்சி. இதை மட்டும் அசட்டை செய்யாதீர்கள். 2010ல் ஒரு அபார்ட்மென்ட் குப்பை அறைப் பக்கம் சுத்தமாகத் தெரிந்த ஒரு சோபாவை எடுத்து வந்தோம். மூன்று வாரத்தில் என் மகள் கையெல்லாம் தடிப்பு. மூன்று முறை மருந்தடித்து, துணியெல்லாம் சூடாக உலர்த்தி, பாதிப் பொருளை வெளியே போட்டு, இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கவில்லை. அன்றிலிருந்து பஞ்சு, மெத்தை, துணி வைத்த எதையும் தெருவிலிருந்து எடுப்பதில்லை. உங்களிடமும் அதையேதான் சொல்வேன். மரச்சாமானிலும் அவை ஒளியும். டிராயர் ஓடும் தண்டவாளம், ஆணித் துளை, முதுகுப் பலகை சேரும் இடுக்கு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மையைத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால், எவ்வளவு அழகான சாமானாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழைய பெயின்ட் பூசிய சாமானையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். கனடாவில் வீட்டுக்குள் பூசும் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு வைத்ததே 1976ல்தான். அதற்கு முந்தின பெயின்ட்டைத் தேய்த்தால் பறக்கும் தூசு மூன்று வயதுக் குழந்தை தவழ்ந்து விளையாடும் தரையில்தான் படியும். உங்கள் டிரெஸ்ஸர் பெயின்ட் இல்லாமல் வார்னிஷ் நிறத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் நல்லதாகப் போயிற்று.

பேஸ்மென்ட்டில் ஏன் கூடாது என்கிறேன் என்றால், உங்கள் அறைக்குப் பக்கத்தில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வெந்நீர்த் தொட்டியும் இருக்கும். பல வீடுகளில் அவை கேஸில் எரிபவை. உள்ளே நெருப்பு உண்டு. டர்பன்டைன், தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அந்த நெருப்புப் பக்கம் போய்ச் சேரும். பெயின்ட் உரிக்கும் மருந்துகளில் மெத்திலீன் குளோரைடு கலந்தது இன்னும் மோசம். காற்றோட்டமில்லாத குளியலறையில் அதை வைத்து வேலை பார்த்தவர்கள் மூச்சு முட்டிச் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019ல் அதை வீட்டு உபயோகத்துக்கு விற்பதையே தடை செய்தார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பழைய டப்பாவைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வெளியே கராஜில் செய்யலாம் என்றால், இனி ஏப்ரல் வரை அங்கே குளிர். பத்து டிகிரிக்குக் கீழே போனால் வார்னிஷ் ஒழுங்காகக் காயாது, பிசுபிசுவென்றே கிடக்கும்.

ஆகவே இப்போது கழுவுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியலாம். பழைய சாமானுக்குக் கழுவுவதைப் போல நல்லது வேறு எதுவும் கிடையாது. வெதுவெதுப்பான ஒரு வாளித் தண்ணீரில் நாலு சொட்டுப் பாத்திரச் சோப்பு. பழைய பனியன் துணியை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவு பிழிந்து, உள்ளங்கை அகலம் உள்ள இடத்தைத் துடையுங்கள். துணி டீ வடிகட்டியது போல் பழுப்பாக வரும். வருஷக்கணக்காகப் படிந்த கைப்பிசுக்கும் சமையல் எண்ணெயும் சிகரெட் புகையும் அது. அதே இடத்தை வேறு ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அழுக்கு போன இடத்துக்கும் போகாத இடத்துக்கும் நடுவே ஒரு கோடு விழும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருமல் மருந்து நிறம், அந்தப் பக்கம் தேன் நிறம். நான் முதல் டிரெஸ்ஸரைக் கழுவியபோது அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவர், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு "அடுத்தவன் பழசு" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

கைப்பிடிகளைக் கழற்றித் தனியாக ஊற வையுங்கள். அவை பெரும்பாலும் பித்தளையாகவோ பித்தளைப் பூச்சாகவோ இருக்கும். புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான். புளி அதைத் தின்றுவிடும். ஒட்டாவிட்டாலும் முதலில் பின்பக்கம் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள்.

கழுவிய பிறகு ஆசைப்பட்டு மெழுகோ, கடையில் விற்கும் ஸ்ப்ரே பாலிஷோ போடாதீர்கள். அதில் சிலிக்கோன் இருந்தால் மே மாதம் நீங்கள் வார்னிஷ் அடிக்கும்போது அது மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். டிராயர் இறுக்கமாக ஓடினால், அடியில் உரசும் கட்டையில் மட்டும் சாதா மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். வெண்ணெயில் ஓடுவது போல் ஓடும். ஜூலைப் புழுக்கத்தில் பேஸ்மென்ட்டில் மரம் ஊதி டிராயர் திரும்பவும் இறுகும். அப்போது இழைப்புளியைக் கையில் எடுக்க வேண்டாம். பிப்ரவரியில் ஹீட்டர் காற்று வீட்டைக் காய வைக்கும்போது அது தானாகவே தளரும்.

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு டிராயரையும் படிக்கட்டாக நினைத்து ஏறுகிற வயது. கீழ் டிராயர்களைத் திறந்து அதில் ஏறி நின்றால் மொத்தச் சாமானும் அவன் மேல் சாயும். வீட்டுக்குள் கொண்டுவரும் அன்றைக்கே, துணி அடுக்குவதற்கு முன்னால், இரண்டு பட்டி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். இங்கே பல வீடுகளில் சுவர் வெறும் ஜிப்சம் பலகைதான், ஆணி பிடிக்காது. உள்ளே சாதாரணமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரத்தூண் நிற்கும், அதில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குழந்தைக்காக என்றால் பொதுவாக மறுக்க மாட்டார்கள்.

மே மாதம் வந்ததும் கொல்லைப்பக்கம் ஒரு பழைய விரிப்பைப் போட்டு மேல்பலகையை மட்டும் புதுப்பியுங்கள். பக்கங்களும் டிராயர் முகங்களும் கழுவினதிலேயே நன்றாக வந்திருக்கும். மேல்பலகையில்தான் கோப்பை வைத்த வளையமும் கீறலும் இருக்கும். முதலில் பருத்தித் துணியில் ஸ்பிரிட் தொட்டு, பின்பக்கத்து ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு. ஜார்கண்ட் காட்டு மரங்களில் பூச்சி கட்டுகிற அதே அரக்குதான். நம் ஊரில் ஸ்பிரிட்டில் கரைத்து கதவுக்குப் பாலிஷ் போடுவார்களே, அது. இளகாவிட்டால் லேக்கரோ வார்னிஷோ. அதை 120, பிறகு 150, கடைசியில் 180 நம்பர் உப்புத்தாள் வைத்து, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் வார்னிஷ் அடித்த பிறகுதான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை, அதாவது மூன்று பூச்சு. ஒவ்வொரு கைக்கும் நடுவில் 220 நம்பரால் லேசாக ஒரு வருடல். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காய்ந்துகொண்டே சூடேறி அது தானாகத் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காய வையுங்கள்.

வெள்ளை பெயின்ட் ஏன் வேண்டாம் என்றால், மேப்பிளின் அழகே அந்த நிறமும் பளிங்கு மாதிரி நெருக்கமான ரேகையும்தான். மூடிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. வெள்ளை அடித்தே ஆக வேண்டும் என்று கை துடித்தால், கிஜிஜி விளம்பர இணையதளத்திலோ, பழைய சாமான் விற்கும் ஹேபிடட் ரீஸ்டோர் கடையிலோ ஒரு சாதாரண பைன் மரச் சாமான் வாங்கி அதில் ஆசை தீர அடியுங்கள். உங்கள் சாமி படக் கனவுக்கு அதுதான் பொருத்தம். இல்லாவிட்டால், பீங்கான் பாத்திரம் வைக்கும் கண்ணாடிக் கதவு அலமாரிகள் இங்கே அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன, இப்போதைய பிள்ளைகள் யாருக்கும் அவை வேண்டாம். எங்கள் வீட்டுச் சாமி அலமாரி அப்படி வந்ததுதான். நடுத்தட்டை எடுத்துவிட்டு, உள்முதுகுக்கு மட்டும் மஞ்சள் அடித்தேன். விளக்கை உள்ளே ஏற்றுவதில்லை. முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து ஏற்றுகிறோம். கர்ப்பூரம் வெள்ளிக்கிழமை மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. இல்லாவிட்டால் புகை அலாரம் மாடி வரைக்கும் கத்தும்.

அந்த டிரெஸ்ஸரின் அளவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கூடவே உங்கள் பேஸ்மென்ட் படி திரும்பும் இடத்தின் அகலத்தையும், அங்கே தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்து கொள்ளுங்கள். டிராயர்களைக் கழற்றித் தனித்தனியாக இறக்கினால் கூடு இரண்டு பேர் தூக்குகிற கனம்தான் இருக்கும். என் சாண்டிங் மெஷினை மே மாதம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், குளிர்காலம் முழுக்க அது சும்மாதான் கிடக்கிறது.