வாசகிகள் கேள்வி: கைல குடுத்தா தரையெல்லாம் பருப்பு!

அக்கா, என் பையனுக்கு எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. ஸ்பூன காட்டினாலே வாய இறுக்கி மூடிக்கிறான், ஆனா என் தட்டுல கைய விட்டு அள்ளுறான். சரின்னு அவனையே சாப்பிட விட்டா பருப்புசாதம் தலைல, சுவத்துல, சோபால. மாமியார் "ஊட்டுனா ரெண்டு நிமிஷ வேல"ன்னு சொல்லிட்டு கடைசில ஒரு பிஸ்கட்ட கைல குடுத்துடுறாங்க. சிந்தாம, இனிப்பும் இல்லாம என்னதான் குடுக்குறது? (மதுரை வாசகி)

மொதல்ல உங்க மாமியார் பக்கம் ஒரு நியாயம் சொல்லிடுறேன். பிஸ்கட் சிந்தாது, ஒட்டாது, பிள்ளையும் அழுகைய நிறுத்திடும். சிக்கலே அதான், கடைல சிந்தாத ஐட்டம்னு எதெல்லாம் இருக்கோ, பிஸ்கட், ரஸ்க், வாய்ல வச்சதும் கரையுற குட்டி குட்டி பஃப், எல்லாத்தோட பாக்கெட்டையும் திருப்பி பாருங்க, பாதி பாக்கெட்டுக்கு மேல சர்க்கரை போட்டதாதான் இருக்கும். நிறைய பிஸ்கட்ல 100 கிராமுக்கு 20 கிராம் தாண்டி சர்க்கரை, அதாவது அஞ்சு டீஸ்பூன். சர்க்கரைன்னு நேரா எழுதாம குளுக்கோஸ் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட்னும் எழுதியிருப்பாங்க, அதுவும் அதேதான்.

பருப்புசாதம் கைப்பழக்கத்துக்கு ஏத்த சாப்பாடே இல்லமா, அத ஸ்பூன்லயே வச்சுக்கோங்க. எட்டு மாசத்துல பிள்ளைக்கு உள்ளங்கைல பொத்தி பிடிக்கத்தான் நல்லா வரும், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேத்து கிள்ளி எடுக்குறது இப்பதான் ஆரம்பிக்கும், ஒன்பது பத்து மாசத்துலதான் கை பழகும். அதனால குடுக்குற துண்டு நம்ம விரல் நீளத்துக்கு இருக்கணும், பாதி அவன் கைக்குள்ள, பாதி வெளிய, வெளிய இருக்குறத கடிப்பான். ரெண்டு விரல்ல அழுத்துனா நசுங்கணும். இந்த ரெண்டையும் மனசுல வச்சுட்டு அடுப்படிய சுத்தி பாருங்க, எல்லாம் வீட்லயே இருக்கு.

இட்லிய நீட்டவாக்குல நாலா கீறிடுங்க, தோசைய மெத்துனு ஊத்தி பட்டை பட்டையா வெட்டுங்க, பாசிப்பருப்பு அடையும் அப்டித்தான். இதுல இட்லிதான் உதிரும், தோசை உதிரவே உதிராது, என் ஓட்டு தோசைக்குத்தான். மாவு ஆட்டுனதும் உப்பு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி தனியா எடுத்து வச்சிருங்க, ஒரு வயசு வரைக்கும் தனியா உப்பு வேண்டாம், அந்த மாவும் நல்லாவே புளிக்கும். மஞ்சப்பூசணி, சர்க்கரவள்ளி, கேரட், பீன்ஸ் எல்லாம் இட்லி தட்டுலயே வேகவச்சு எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் ஈரம் காயட்டும், ஈரத்தோட குடுத்தா வழுக்கி கீழதான் போகும், பிள்ளைக்கும் கோவம் வரும். நேந்திரம்பழம் வேகவச்சது ரொம்ப நல்லா பிடிக்க வரும். வாழைப்பழத்துக்கு ஒரு டிரிக்: மேல்பாதி தோல மட்டும் உரிச்சுட்டு கீழ்பாதிய நல்லா கழுவி அப்டியே விட்ருங்க, தோலுதான் கைப்பிடி. இல்லைன்னா துண்டு பழத்த வறுத்த ராகி மாவுல லேசா புரட்டி எடுங்க, வழுக்காது. ஆறு மாசத்துக்கு மேல பிறக்கும்போது சேத்து வச்சிருந்த இரும்புச்சத்து குறைஞ்சுகிட்டே வரும், அதனால கிழங்கும் பழமுமா மட்டும் போயிடாதீங்க, நல்லா வெந்த ஆம்லெட் பட்டை, அடை மாவுல கொஞ்சம் பொடியா அரிஞ்ச முருங்கக்கீரை, முள் பாத்து எடுத்த மீன்னு ஏதாவது ஒண்ணு தினமும் இருக்கட்டும். முட்டையோ மீனோ புதுசா குடுக்குற நாள்ல கொஞ்சமா பகல்ல குடுங்க, தடிப்பு கிடிப்பு வந்தா டாக்டர்ட்ட ஓட வசதி.

அப்பறம், தட்டே வேண்டாம். தட்டு வச்சா தூக்கி எறியுறதுதான் விளையாட்டு. ஒரே நேரத்துல ரெண்டு துண்டுக்கு மேல வைக்காதீங்க, முடிஞ்சா அடுத்தது. தரைல பழைய வேட்டிய விரிச்சு, ஜட்டியோட உக்கார வச்சு, குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி குடுங்க. நான் என் மூத்தவளுக்கு புது ஃபிராக் போட்டு பீட்ரூட் குடுத்த ஆளு, அதனால சொல்றேன். அப்டியும் சிந்தத்தான் செய்யும், ஆனா வேட்டிய உதறிட்டு போயிடலாம், சோபாவ உதற முடியாதுல்ல.

கடைச்சர்க்கரை போடுறதில்ல, ராகிக்கூழ்லயும் குட்டி பணியாரத்துலயும் கருப்பட்டி இல்லன்னா தேன்தான். இது சத்துதானே மேடம்? பிள்ளைக்கு 10 மாசம். (நாகர்கோவில் வாசகி)

உங்க ஊர்ல கருப்பட்டிய குறை சொன்னா நான் அந்தப்பக்கம் வர முடியாது! ஆனாலும் சொல்லித்தானே ஆகணும், கருப்பட்டி, வெல்லம், பனங்கற்கண்டு, பேரீச்சம்பழ சிரப் எல்லாத்துலயும் பெரும்பகுதி சர்க்கரைதான், கூட இருக்குற தாதுச்சத்து நீங்க போடுற ஒரு துண்டுல கணக்குக்கே வராது. சேக்குற சர்க்கரை எதுவும் ரெண்டு வயசுக்குள்ள வேண்டாம்னு அமெரிக்க இதய சங்கம் 2016லயே சொல்லிருச்சு, 2023ல வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் சர்க்கரை அதிகமான சாப்பாட்ட இந்த வயசுல குடுக்காதீங்கன்னுதான் சொல்லுது.

தேன் விஷயம் இன்னும் சீரியஸ். ஒரு வயசு முடியற வரைக்கும் நாக்குல தடவக்கூட கூடாது. தேன்ல சில சமயம் இருக்குற ஒரு பாக்டீரியாவோட விதை மாதிரியான ஸ்போர், குழந்தை குடல்ல முளைச்சு விஷத்த உண்டாக்கும், கை கால் துவண்டு மூச்சே தடுமாறும், போட்யூலிசம்னு பேரு. கூழ்ல போட்டு கொதிக்க வச்சாலும் அந்த ஸ்போர் சாகாது. சேனை தொட்டு வைக்கிறேன்னு பிறந்த பிள்ளை வாய்ல தேன் வைக்கிற வழக்கம் இன்னும் பல வீட்ல இருக்கு, பெரியவங்க மனசு நோகாம கைய பிடிச்சு நிறுத்துங்க.

பணியாரம் இனிப்பா இருந்தே ஆகணும்னா கனிஞ்ச வாழைப்பழத்த மாவுல மசிச்சு ஊத்துங்க. உருண்டையா முழுசா குடுக்காம நாலா வெட்டிதான் குடுக்கணும்.

பேத்திக்கு ஏழு மாசம். இட்லித்துண்ட வாய்ல வச்சதும் ஓக்காளிக்குறா, எனக்கு உயிரே போயிடுது. எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சு குடுத்துடலாமா? (தஞ்சாவூர் வாசகி)

வேண்டாம்மா. ஓக்காளம் வேற, அடைச்சுக்கிறது வேற. இந்த வயசுல நாக்கோட முன்பக்கம் பட்டாலே ஓக்காளம் வரும், அது பிள்ளைய காப்பாத்துற ஏற்பாடு. முகம் சிவக்கும், சத்தம் வரும், இருமும், துப்பிடும், நீங்க பக்கத்துல பேசாம இருந்தா போதும். சத்தமே வராம, இரும முடியாம, உதடு நீலமானாதான் ஆபத்து. அப்ப வாய்க்குள்ள விரல விட்டு துழாவக்கூடாது. குப்புற உங்க முன்னங்கைல தலை தாழ்வா இருக்க படுக்கவச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல 5 தட்டு, போகலைன்னா மல்லாத்தி நெஞ்சு நடுவுல 5 அழுத்து, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. ஒருத்தர் 108க்கு போன் போடணும். இத படிச்சா போதாது, அடுத்த தடுப்பூசிக்கு போறப்ப நர்ஸ்கிட்ட செஞ்சு காட்ட சொல்லுங்க.

நிமிந்து உக்காந்துதான் சாப்பிடணும், தவழ்ந்துகிட்டே கூடாது. நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை, வேகவைக்காத கேரட், வேகவைக்காத ஆப்பிள், பாப்கார்ன், முறுக்கு இதெல்லாம் கண்ணுலயே படக்கூடாது.

11 மாச பாப்பாவோட கோயம்புத்தூர்ல இருந்து சென்னைக்கு பகல் ரயில். நானும் அவளும் மட்டும்தான். சீட்ட நாறடிக்காம என்ன குடுக்கலாம்? (ஒரு அப்பா)

சபாஷ் தம்பி. நல்லெண்ணெய் தடவுன மினி இட்லிய நாலா வெட்டி டப்பால போட்டுக்கோங்க, சாயங்காலம் வரைக்கும் மெத்துனு இருக்கும், பொடி வேண்டாம். வேகவச்ச பூசணிய மசிச்சு அதுலயே சப்பாத்தி மாவு பிசைஞ்சா மறுநாள் வரைக்கும் விறைக்காது, பட்டையா வெட்டி வச்சுக்கலாம். ரெண்டு வாழைப்பழம், அதுக்கு டப்பாவே வேண்டாம். முட்டைய வெயில் நாள்ல தூக்கிட்டு போகாதீங்க, கெட்டா தெரியாது, கெடாட்டியும் பக்கத்து சீட்டு ஆள் முறைப்பார். ஜூஸ் பாக்கெட் கேட்டா தண்ணி டம்ளர நீட்டுங்க. பால் எப்பவும் போல.

சட்டைல பட்ட வாழைப்பழக்கறையும் மஞ்சக்கறையும் போகவே மாட்டேங்குது! (விழுப்புரம் வாசகி)

வாழைப்பழம் காயுறதுக்குள்ள பச்சைத்தண்ணில அலசிடணும், காஞ்சு கறுத்துட்டா அது ஜென்மத்துக்கும் போகாது. மஞ்சளுக்கு பயப்படாதீங்க. சோப்பு பட்டதும் சிவப்பா மாறும், பதறாம அலசி உச்சி வெயில்ல விரிச்சு போடுங்க, ரெண்டு நாள்ல வெயிலே தின்னுடும்.