வாங்குவோர் கேள்வி-பதில்: சாகாத நெற்சப்பியும் புல்லெண்ணெய்க் கடையும்

பெரும்போக விதைப்பு நெருங்குவதால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை புல்லெண்ணெய் எனப்படும் களைநாசினி பற்றியவை. ஆகவே இம்முறை களையோடு தொடர்பில்லாத பொருட்களைப் பற்றிய கேள்விகளை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மானாவாரி வயலில் பல பெரும்போகமாக ஒரே புல்லெண்ணெயை அடித்து வருகிறேன். முன்பு கருகிய நெற்சப்பி (நெல்லைப் போலவே தோன்றும் களைப்புல்) இப்போது பச்சையாகவே நிற்கிறது. கடைக்காரர் "இது புதிது, பலமானது" என்று கூடிய விலையில் வேறொரு போத்தல் தந்தார். அதற்கும் சாகவில்லை. எனக்குத் தந்தது போலி மருந்தா? (வெல்லாவெளி)

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய இரண்டு லேபல்களின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரும் நிறமும் விலையும் வேறு. ஆனால் செயற்படு மூலப்பொருள் என்ற இடத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டு வாசிக்க வேண்டிய எழுத்தில், இரண்டிலும் பிஸ்பைரிபெக் சோடியம் என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. போலி என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை. ஆனால் பழைய மருந்தையே புதியது என்று சொல்லிக் கூடிய விலைக்கு உங்களிடம் விற்றிருக்கிறார்கள், அது அநியாயம்.

இதைப் பற்றி நான் நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். வேளாண்மை வெட்டிக் காசு கையில் வரும்வரை கடனுக்கு மருந்து வாங்கும் விவசாயியால் கடைக்காரர் எடுத்து வைப்பதை மறுக்க முடிவதில்லை. அப்படிப்பட்ட விவசாயிக்கு வியாபாரப் பெயரைப் பெரிய எழுத்திலும், உள்ளே இருக்கும் இரசாயனத்தின் பெயரைக் கடுகு எழுத்திலும் அச்சிட்டுக் கொடுப்பது எந்த வகையிலும் நேர்மையல்ல. களை எதிர்ப்புத்திறன் பெறுவதைத் தடுப்பதற்கு வாங்குபவர் கையில் இருக்கும் ஒரே தகவல் அந்தச் சிறிய எழுத்துத்தான். வயலில் இருக்கும் இலட்சக்கணக்கான நெற்சப்பிச் செடிகளில் ஒன்றிரண்டு ஒரு குறிப்பிட்ட இரசாயனத்தைத் தாங்கும் தன்மையுடன் இயல்பாகவே பிறக்கின்றன. மற்றவை சாக, அவை மட்டும் விதை கொட்டுகின்றன. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளைக் கொட்டும், அதுவும் நெல் அறுவடைக்கு முன்பே. ஒரே இரசாயனத்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால், சில வருடங்களில் வயல் அந்தச் செடிகளின் வாரிசுகளால் நிறைந்துவிடும். இது எங்கள் நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஒரு காலத்தில் நாடெங்கும் அடிக்கப்பட்ட புரொபனில் என்ற களைநாசினிக்கு எதிர்ப்புப் பெற்ற நெற்சப்பி இலங்கையில் இருப்பதை ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். நெற்பயிர் தன் இலைக்குள் இருக்கும் ஒரு நொதியத்தால் புரொபனிலைச் சிதைத்துத்தான் உயிர் தப்புகிறது; எதிர்ப்புப் பெற்ற நெற்சப்பியும் அதே வழியில்தான் தப்புகிறது.

உங்கள் வயலில் நடந்தது எதிர்ப்புத்தானா என்பதை ஓரளவுக்கு நீங்களே பார்க்கலாம். தப்பிய புல் நேர்கோடாகவோ பட்டையாகவோ நின்றால், மருந்துத் தாங்கியைச் சுமந்து அடித்தவர் அந்த இடத்தை விட்டுவிட்டார் என்று பொருள். மற்றக் களைகள் எல்லாம் கருகியிருக்க, செத்த நெற்சப்பிக்குப் பக்கத்திலேயே அதே வயதுடைய நெற்சப்பி தளிர்விட்டு நின்றால் எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் செடிகளைக் கதிர் முற்றுவதற்கு முன் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். அடுத்த முறை வேறு பெயரைக் கேட்காதீர்கள், வேறு விதமாக வேலை செய்யும் மருந்தைக் கேளுங்கள். பெனொக்சுலம் என்று எழுதியிருந்தாலும் அது பிஸ்பைரிபெக் தாக்கும் அதே நொதியத்தைத்தான் தாக்குகிறது. சைஹலோபொப் வேறு வகை, பிரெட்டிலாக்குளோர் இன்னொரு வகை. பின்னையது காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்குப் பொருந்துமா என்பதை லேபலிலும் விவசாயப் போதனாசிரியரிடமும் உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். முதல் மழைக்கு முளைக்கும் புல்லை உழுது புரட்டிவிட்டு அதன் பின் விதைப்பது, எந்தப் போத்தலும் தராத நன்மையைத் தரும்.

கேள்வி: லேபலில் உள்ள அளவுக்குப் புல் சாகவில்லை. இரட்டிப்பாக அடிக்கலாமா? (சம்மாந்துறை)

பதில்: கூடாது. எதிர்ப்புப் பெற்ற புல் அதற்கும் பெரும்பாலும் சாகாது; பயிர் கருகும், காசும் போகும். அளவைக் குறைத்து அடிப்பதும் இதே அளவு கெடுதியானது.

கேள்வி: எம்.சி.பி.ஏ. வாங்கி அடித்தேன். நெற்சப்பி அசையவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (பொத்துவில்)

பதில்: இல்லை. எம்.சி.பி.ஏ. அகன்ற இலைக் களைகளுக்கும் கோரை வகைகளுக்கும் உரியது, புல்லைக் கொல்லாது. எந்தக் களைகளுக்கு என்று லேபலில் எழுதப்பட்டிருப்பதை வாசிக்காமல் வாங்கிவிட்டு விற்றவரைக் குற்றம் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். இனிக் கடைக்குப் போகும்போது களைச்செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு போங்கள். இலை தண்டைச் சுற்றிப் பிடிக்கும் இடத்தை விரித்துப் பாருங்கள்: நெல்லில் அங்கே மெல்லிய சவ்வு போன்ற சிறு நாக்கு இருக்கும், நெற்சப்பியில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

கேள்வி: தெளிகருவிக்குப் புதிய முனை வாங்க வேண்டும். மலிவானது போதுமா? (அக்கரைப்பற்று)

பதில்: களைநாசினிக்குத் தட்டையாக விசிறும் முனையைக் கேட்டு வாங்குங்கள், கூம்பாக விசிறுவது பூச்சிநாசினிக்கு. மலிவானதை நானும் ஒருமுறை வாங்கினேன். ஒரு போகம் முடிவதற்குள் துளை தேய்ந்து, ஒரு பக்கம் வழிந்தும் மறுபக்கம் தூறியும் அடித்தது. வரப்போரம் முழுவதும் புல் தப்பியது. வாங்கும்போதே கடையில் தண்ணீர் ஊற்றி அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: சோளன் நிலத்துக்குக் கிளைபோசேட் அடிக்கிறேன். வாய்க்கால் நீரில் கலக்கலாமா? (கிரான்)

பதில்: கலங்கல் நீரில் கலக்காதீர்கள். கிளைபோசேட் மண்துகளில் ஒட்டிக்கொண்டு வலுவிழந்துவிடும்.

கேள்வி: அத்தாட்சி பெற்ற விதைநெல் என்று ஒருவர் விற்றார். முளைத்த பிறகு பார்த்தால் களைநெல்லும் நெற்சப்பியும் நிறைந்திருக்கின்றன. சாக்கில் துண்டு எதுவும் இருக்கவில்லை. (செங்கலடி)

பதில்: அம்மா, உங்கள் இழப்பு ஒரு போகத்தோடு முடியாது என்பதுதான் என்னை வருத்துகிறது. களைநெல்லும் நெல்லின் இனமே என்பதால், வழமையான நெற்பயிரைக் கெடுக்காமல் அதை மட்டும் கொல்லும் மருந்து இல்லை. கையால்தான் பிடுங்க வேண்டும். அடுத்த வயலில் எதிர்ப்புப் பெற்ற நெற்சப்பியின் விதையும் இப்படித்தான் சாக்கில் ஏறி உங்கள் வயலுக்கு வருகிறது; அறுவடை இயந்திரத்திலும் வரும். இயந்திரம் வயலில் இறங்கும் முன் அதைத் துப்புரவாக்கச் சொல்வது உங்கள் உரிமை. அத்தாட்சித் துண்டு தைக்கப்படாத சாக்கு அத்தாட்சி பெற்றது அல்ல. இருக்கும் சாக்கையும் மிச்ச நெல்லையும் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுசென்று முறையிடுங்கள்.

கேள்வி: அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகன் அங்கிருந்து நல்ல களைநாசினி அனுப்புவதாகச் சொல்கிறான். பெறலாமா? (கொக்கட்டிச்சோலை)

பதில்: வேண்டாம். இங்கே பதிவு செய்யப்படாத பீடைகொல்லியைத் தருவிப்பது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாறானது. மேலும், மகன் இருக்கும் நாடு களைகள் மருந்துக்கு எதிர்ப்புப் பெறும் இந்தச் சிக்கலின் பெரிய களம். மழையை மட்டும் நம்பிக் கோதுமை விதைக்கும் தென் அவுஸ்திரேலியாவில், ரைகிராஸ் என்னும் புல் டைக்குளோபொப் என்ற மருந்தைத் தாங்கி நின்றது 1982இல் கண்டறியப்பட்டது. பின்னர் அதே புல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகளைத் தாங்கப் பழகியது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அங்குள்ளவர்கள் மருந்தை மட்டும் நம்பாமல் விதையைப் பிடிக்கத் தொடங்கினார்கள்; ரே ஹரிங்டன் என்ற மேற்கு அவுஸ்திரேலிய விவசாயி, அறுவடையின்போது பதரோடு வரும் களைவிதையை அரைத்து அழிக்கும் இயந்திரத்தையே உருவாக்கினார். மகனிடம் கேட்பதானால் அந்த அனுபவத்தைக் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: மூடியின் முத்திரை உடைந்த போத்தலைத் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகே கண்டேன். பற்றுச்சீட்டுக் கேட்டபோது தரவில்லை. ஒரு ஏக்கருக்கு அடித்தும் ஒரு புல்லும் சாகவில்லை. (வாகரை)

பதில்: தம்பி, அகன்ற இலைக் களையும் சேர்த்து எதுவுமே சாகவில்லை என்கிறீர்கள், அப்படியானால் இது எதிர்ப்பாக இருப்பதைவிடக் கலப்படமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பற்றுச்சீட்டு இல்லை என்பதற்காகப் பின்வாங்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கடையின் பெயர், வாங்கிய நாள், கொடுத்த விலை ஆகியவற்றைச் சொல்லுங்கள். பதிவு இலக்கமும் தொகுதி இலக்கமும் தெரியும்படி லேபலைப் படமெடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலோ உங்கள் பகுதிப் போதனாசிரியரிடமோ சொல்லிப் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கு விடயத்தைக் கொண்டுசெல்லுங்கள். போத்தலில் மிஞ்சியிருப்பதை ஊற்றிவிடாதீர்கள், போத்தலைக் கழுவவும் வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், மூடியை இறுக்கி, நிமிர்த்தி வையுங்கள்.