திருகோணமலையில் நிதி நிலையில் முன்னணியில் இருக்கும் உள்ளூர் கம்பனிகள் எவை? வரிசைப்படுத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் தான் வேலை தேடுவதாகவும், விற்பனையும் இலாபமும் பார்த்து முதல் பத்துக் கம்பனிகளை வரிசையாகத் தரும்படியும் விளக்கத்தில் எழுதியிருக்கிறார். நான் திருகோணமலையில் ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். அப்படி ஒரு பத்தை இலக்கம் போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், அதோடு நான் எதை வைத்து வரிசைப்படுத்துவேன் என்பதையும் சொல்கிறேன்.

முதல் சிக்கல் "உள்ளூர்" என்ற சொல்லில் இருக்கிறது. சீனக்குடாப் பக்கம் போனால் பிறீமா மாவாலை, டோக்கியோ சீமெந்து, லங்கா ஐ.ஓ.சி.யின் எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். விற்பனைத் தொகையை மட்டும் பார்த்தால் இந்த மூன்றும்தான் மேலே வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவற்றின் தலைமைக் கணக்குகள் இங்கே எழுதப்படுவதில்லை. லங்கா ஐ.ஓ.சி.யின் விற்பனை என்பது பெரும்பாலும் நாடு முழுவதும் இருக்கும் எரிபொருள் நிலையங்களின் விற்பனை. அதில் திருகோணமலைக்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வெளியில் இருக்கும் ஒருவரால் முடியாது. பிறீமா சிங்கப்பூர்க் குழுமம். இங்குள்ள மாவாலையை நடத்துவது தனியார் கம்பனி. அந்தக் குழுமத்தின் சிலோன் கிரெய்ன் எலிவேட்டர்ஸ் கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிறது. அதன் கணக்கை எடுத்து "பிறீமா திருகோணமலை" என்று எழுதிவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது கோழியும் கோழித்தீனும் விற்கிற கம்பனி, மாவாலையின் கணக்கு அதில் இல்லை.

டோக்கியோ சீமெந்தை மட்டும் நான் கொஞ்சம் வேறாகப் பார்ப்பேன். 1982இல் தொடங்கிய கம்பனி, அதன் பிரதான ஆலையே இங்கேதான். அலுவலகம் கொழும்பில் இருந்தாலும் அதன் ஆண்டறிக்கையைப் படித்தால் நம் ஊர்த் தொழில் ஒன்றைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது தெரியவரும்.

புல்மோட்டைக் கனிய மணலையும் மறக்கக்கூடாது. லங்கா மினரல் சான்ட்ஸ் அரசாங்கக் கம்பனி. 1957இல் கூட்டுத்தாபனமாகத் தொடங்கியது. இல்மனைட், ரூட்டைல், சேர்கன் என்ற கனிமங்கள் எல்லாம் அங்கிருந்துதான் போகின்றன. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை பொதுவில் கிடைக்கும். ஆனால் இருப்பாகக் குவிந்து கிடக்கும் மணல் எந்த வருடத்தில் கேள்விப்பத்திரம் போய்க் கப்பலேறுகிறதோ அந்த வருடம் இலாபம் துள்ளும், அடுத்த வருடம் படுத்துவிடும். ஒரு வருடத்தை வைத்து அதற்கு இடம் கொடுத்தால் இரண்டு பக்கமும் தவறு.

மற்றவர்கள்? மத்திய வீதியில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் அரிசி, மாடு, மரம் என்று பெரிதாக ஓடுகிறவர்கள், கொட்பே பக்கத்து மீன் முதலாளிமார், ஐஸ் தொழிற்சாலைகள், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள். உண்மையில் உள்ளூர் என்றால் இவர்கள்தான். இவர்களில் பெரும்பாலானோர் தனிவியாபாரம் அல்லது பங்குடைமை, சிலர் தனியார் கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி தன் நிதிக்கூற்றைப் பதிவாளருக்கு அனுப்பிப் பதிய வேண்டியதில்லை. ஆகவே வெளியில் யாராவது இவர்களையும் சேர்த்து முதல் பத்து என்று போட்டால், அந்த எண்கள் முதலாளி தொலைபேசியில் சொன்ன எண்களாகத்தான் இருக்க முடியும். வங்கிக்கு ஒரு தொகை, வருமான வரிக்கு ஒரு தொகை, கல்யாண வீட்டில் ஒரு தொகை என்று சொல்லும் ஊரில் அதற்கு என்ன பெறுமதி?

இனி இலாபத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் முக்கியமான இடம் இதுதான். எங்கள் அலுவலகத்தில் பார்த்த இரண்டு கோப்புகளைச் சொல்கிறேன். ஆட்கள் தெரியாதபடி எண்களை மாற்றியிருக்கிறேன். ஒன்று மீன் வியாபாரம். வருட விற்பனை 96 மில்லியன், தேறிய இலாபம் 7.2 மில்லியன். மற்றது ஹாட்வெயார் கடை. விற்பனை 41 மில்லியன், இலாபம் 3.1 மில்லியன். யாரைக் கேட்டாலும் மீன்காரர்தான் முதலிடம் என்பார்கள். ஆனால் அந்த முதலாளி ஒவ்வொரு மாதமும் இருபதாம் திகதிக்குப் பிறகு எங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் வெளியூர் வியாபாரிகள் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகள். நாற்பத்தைந்து நாள், அறுபது நாள். ஐஸுக்கும் டீசலுக்கும் படகுக்காரருக்கும் அன்றன்றே காசு கொடுக்க வேண்டும். கடன்பட்டோர், அதாவது விற்ற சரக்குக்கு இன்னும் வந்து சேராத காசு, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 11 மில்லியனால் கூடியிருந்தது. தேய்மானம் கணக்கில் மட்டும் எழுதும் செலவு, காசாக வெளியே போவதில்லை. ஆகவே 7.2இல் தேய்மானம் 1.5ஐக் கூட்டி 11ஐக் கழித்துப் பாருங்கள்: தொழிலில் இருந்து வந்த காசு 2.3 மில்லியன் மறை, அதாவது வந்ததைவிடப் போனது கூட. ஹாட்வெயார் கடைக்காரர் தேய்மானம் 0.4, குறைத்துக்கொண்ட சரக்கிருப்பு 0.6 எல்லாம் சேர்த்து 4.1 மில்லியனைக் கையில் எடுத்திருந்தார். என் பட்டியலில் அவர்தான் மேலே.

ஆகவே நான் வரிசைப்படுத்தினால் முதலில் பார்ப்பது காசுப் பாய்ச்சல் கூற்றில் தொழிற்பாட்டு நடவடிக்கைகளில் இருந்து வந்த தேறிய காசு. அதை அந்தத் தொழிலில் போட்டிருக்கும் மூலதனத்தால் பிரிப்பேன். பிறகு ஐந்து வருடச் சராசரி எடுப்பேன். ஐந்து வருடம் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன், 2022 அதற்குக் காரணம். அந்த மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. விற்பனை அரைவாசியால் கூடியது என்று சந்தோசப்பட்ட பலரின் பேரேட்டை மூட்டைக் கணக்கில் பார்த்தால் விற்றது குறைவு. அதே காலத்தில் அரசாங்கத்திடம் எரிபொருள் இறக்க டொலர் இல்லாமல் போக, லங்கா ஐ.ஓ.சி. அதுவரை காணாத இலாபம் காட்டியது, பிறகு அது இறங்கியது. சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கரைக் கப்பலில் இறக்குகிற சீமெந்துக் கம்பனிக்கு அதே டொலர் செலவுப் பக்கத்தில் ஏறியது. இப்படி ஒரு வருடத்தைத் தனியே எடுத்து யாருக்கும் கிரீடம் வைக்க முடியாது.

ஹோட்டல்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். நம் கரைக்கு சீசன் ஏறக்குறைய ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிடும். தெற்குக் கரை ஹோட்டலோடு டிசம்பர் காலாண்டை ஒப்பிட்டு "திருகோணமலை நட்டம்" என்று எழுதினால் அது நிலாவெளிக்குச் செய்யும் அநியாயம்.

வேலை தேடும் உங்களுக்கு இதில் எது உதவும் என்று யோசித்தேன். என் மச்சாளின் மகன் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விழா மலரில் "முதலிடம்" என்று வந்த ஒரு நிறுவனத்தை நம்பி, ஓரளவு நல்ல வேலையை விட்டுவிட்டு அங்கே போனான். மூன்று மாதச் சம்பளம் பிந்தியது. சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கென்று (EPF) கழித்தார்கள், ஆனால் அது கட்டப்படவே இல்லை. அவன் அம்மா நகையை அடகு வைத்துத்தான் அந்த மாதங்களைச் சமாளித்தார். அதிலிருந்து யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்: முதலாளியிடம் இலாபத்தை விசாரிக்க வேண்டாம். அங்கே ஏற்கனவே வேலை செய்கிற ஒருவரைத் தேநீருக்குக் கூப்பிடுங்கள். சம்பளம் எத்தனையாம் திகதி வருகிறது, கடைசியாக எப்போது பிந்தியது என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3 வீதமும் மாதாமாதம் போகின்றனவா என்று கேளுங்கள். சேமலாப நிதியை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். காசு முட்டுப்படுகிற இடத்தில் முதலில் நிறுத்தப்படுவது அதுதான். அவர் தன் கணக்கைப் பார்த்ததே இல்லை என்றால் இருவரும் சேர்ந்தே தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்கு ஒரு காலையில் போய் வாருங்கள், அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.