யூரிக் ஆசிட் 8.2, காலையில் குதிகால் வலி. மாத்திரை போட வேண்டுமா, பருப்பையும் கீரையையும் நிறுத்த வேண்டுமா?

முதலில் அந்த 8.2-ஐயும் குதிகாலையும் தனித்தனியாகப் பாருங்கள். கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று குத்தி, நாலு எட்டு நடந்ததும் குறைகிற வலி பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியைட்டிஸ். குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் சவ்வில் வரும் வலி இது. யூரிக் ஆசிட் மாத்திரைக்குக் கேட்காது. இறங்குவதற்கு முன் துண்டை முன்பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள், மூன்று முறை. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

கவுட், அதாவது யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வரும் வாதம், வரும் விதமே வேறு. நடுராத்திரியில் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போகும். அப்படி ஒருமுறைகூட வராதவருக்கு, ரிப்போர்ட்டில் 8.2 இருக்கிறது என்பதற்காக மட்டும் பொதுவாக மாத்திரை தருவதில்லை. இன்னொன்று: வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த டெஸ்ட் நார்மலாகவும் காட்டலாம். அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

கவுட் திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரை தேவை. ரத்தத்தில் 6.8-ஐத் தாண்டினால் யூரிக் ஆசிட் படிகமாகலாம். அதனால் 6-க்குக் கீழே வைப்பதுதான் குறி. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை வழக்கமாக 100 மி.கி.யில் தொடங்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு 50. சில வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பார்த்து மருத்துவர் கூட்டுவார். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய படிகங்கள் கரையத் தொடங்கும்போது வலி ஒருமுறை கிளம்பும். 'மாத்திரை ஒத்துக்கல' என்று நிறுத்திவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் முதல் 3 முதல் 6 மாதம் கோல்சிசின் 0.5 மி.கி. சேர்த்து எழுதுகிறார்கள். வலி வந்தாலும் அலோபியூரினாலை நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள், அது ஆபத்தாகலாம்.

சாப்பாடு? பருப்பும் கீரையும் பாவம், வீண்பழி சுமக்கின்றன. அவற்றால் கவுட் கூடுவதில்லை. குறைக்க வேண்டியது ஈரல், மூளை, நெத்திலி, மத்தி, பீர், சர்க்கரை போட்ட குளிர்பானம். ஆனால் பத்தியத்தால் மட்டும் சுமார் 1 புள்ளிதான் இறங்கும்.

பிரஷர் மாத்திரை அட்டையையும் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரைக் கூட்டும் மருந்து கலந்தது. அது யூரிக் ஆசிட்டை ஏற்றும். நீங்களாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். லோசார்ட்டான் என்ற பிரஷர் மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கும்.

மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் வந்தால், அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.