காசநோயில் ஆராய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? புதிய தொற்றுநோய்கள் பக்கம் போவதுதானே புத்திசாலித்தனம்?

கேள்வி கேட்டிருப்பவர் நுண்ணுயிரியலில் முதுகலை முடித்தவர். முனைவர் பட்டத்துக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றனவாம்: ஒன்று காசநோய்த் தொற்றுநோயியல், மற்றொன்று விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் வைரஸ்கள். ‘காசநோய்க்குக் கிருமி தெரியும், மருந்து இருக்கிறது, தடுப்பூசியும் இருக்கிறது, பிறகு நான் எதைக் கண்டுபிடிப்பது?’ என்பது அவருடைய தயக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே தயக்கம் இருந்தது. காசநோயைத் தேர்ந்தெடுத்ததற்கு உன்னதமான காரணம் எதுவும் கிடையாது. அந்தக் குழுவில்தான் உதவித்தொகை காலியாக இருந்தது. நான் மருத்துவன் இல்லை. நோயாளிகளைப் பற்றிய எண்களைப் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் இந்தப் பதிலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

முதலில் அந்த ‘மருந்து இருக்கிறது’ என்ற வாதம். ராபர்ட் கோக் இந்தக் கிருமியைப் பற்றி பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து காசநோய்க்குப் பலனளிக்கிறது என்பதைப் பிரிட்டன் ஆய்வு 1948இல் எண்களோடு காட்டியது. இவ்வளவுக்கும் பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023இல் 1.08 கோடிப் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கண்டறியப்பட்டுக் கணக்கில் ஏறியவர்கள் சுமார் 82 லட்சம் பேர். இரண்டு எண்களையும் கழித்துப் பாருங்கள். நடுவில் காணாமல் போனவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து யாருக்குத் தொற்றுகிறது? என் துறையின் பெரும்பகுதி இந்தக் கழித்தல் கணக்குக்குள்தான் இருக்கிறது.

தடுப்பூசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி முதன்முதலில் மனிதருக்குக் கொடுக்கப்பட்டது 1921இல். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலைக் காக்கிறதா என்று அறிய 1968 முதல் செங்கல்பட்டில் ஒரு பிரம்மாண்டமான சோதனை நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்ற முழு முடிவு அச்சில் வந்தது 1999இல். ஒரே ஒரு கேள்வி, முப்பது ஆண்டுகள். முனைவர் பட்டத்தை ஐந்தாண்டில் முடிக்க நினைப்பவர் இந்தத் தகவலை ஒருமுறை மெதுவாக வாசிப்பது நல்லது.

உண்மையில் நான் சொல்ல வந்ததே இந்தக் கால அளவைப் பற்றித்தான். புதிய வைரஸ் ஒன்று கிளம்பினால் அதன் கடிகாரம் நாள் கணக்கில் ஓடும். 2003இல் சார்ஸ் நோயாளியிடம் ‘கடந்த பத்து நாளில் எங்கெங்கே போனீர்கள்?’ என்று கேட்டால் பெரும்பாலும் விடை அதற்குள் இருந்தது. காசநோயாளியிடம் எத்தனை நாளைப் பற்றிக் கேட்பீர்கள்? தொற்று மூன்று மாதத்துக்கு முன் வந்திருக்கலாம், முப்பது ஆண்டுகளுக்கு முன்னும் வந்திருக்கலாம். கிருமியே சோம்பேறி, ஒன்று இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கடிகாரத்தைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு தொற்றுநோயியலாளர் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்டின் கட்டுரையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1930 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து இறப்புக் கணக்கைப் பார்த்தால் காசநோய் வயதானவர்களைத்தான் அதிகம் கொல்வதாகத் தோன்றியது. ஃப்ராஸ்ட் அதே எண்களை எடுத்து, ஒரே பத்தாண்டில் பிறந்தவர்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அவர்களை வாழ்நாள் நெடுகப் பின்தொடர்ந்தார். படம் தலைகீழானது. ஒவ்வொரு தலைமுறையும் அதிகமாக மடிந்தது தன் இளமையில்தான். முதியவர்களிடம் தெரிந்த உயர்வு, அவர்கள் பிறந்த காலத்தில் நோய் கடுமையாகப் பரவியதன் மிச்சம். புதிதாக ஒரு தரவுகூடச் சேர்க்காமல், அட்டவணையைக் குறுக்காகப் படித்ததில் வந்த விடை இது. கட்டுரை 1939இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. இன்றும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அந்த அட்டவணையைத்தான், விளக்கத்தை மறைத்துவிட்டு.

இந்தக் கடிகாரம் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை என்பதுதான் வேடிக்கை. உலக மக்களில் கால்வாசிப் பேர் காசநோய்க் கிருமியைச் சுமக்கிறார்கள் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். நாம் அளப்பது கிருமியை இல்லை. அதைச் சந்தித்த நினைவு உடலின் எதிர்ப்பாற்றலில் இருக்கிறதா என்பதை மட்டுமே. கிருமி இன்னும் உயிரோடு பதுங்கியிருக்கிறதா, எப்போதோ ஒழிந்துபோய்விட்டதா என்று அந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. 2018இல் மார்செல் பேர், பால் எடெல்ஸ்டீன், லலிதா ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பழைய ஆய்வுகளையெல்லாம் தோண்டியெடுத்து, நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிய இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்று வாதிட்டார்கள். அது சரியென்றால் தடுப்பு மருந்தை யாருக்கு, எப்போது கொடுப்பது என்ற கணக்கே மாறிவிடும். நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த கிருமி என்று நீங்கள் சொன்னீர்களே, அதன் அடிப்படைக் கால அளவே இன்னும் தீராத வழக்காகத்தான் இருக்கிறது.

என் சொந்தத் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஆய்வின் இரண்டாம் ஆண்டில், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நோய் வந்த குடும்பங்களை மட்டும் தனியாகப் பிரித்து, ‘பரவல் பெரிதும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது’ என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். தர்க்கம் பளிச்சென்றிருந்தது: ஒரே கூரை, ஒரே காற்று, வேறென்ன வேண்டும்? பிறகு கிருமிகளின் மரபணுத் தொடரைப் படித்த முடிவு வந்தது. காசநோய்க் கிருமியின் மரபுத்தொடரில் சுமார் 44 லட்சம் எழுத்துகள் உண்டு. ஆண்டுக்குச் சராசரியாக அரை எழுத்துதான் மாறும். இரண்டு நோயாளிகளின் கிருமிகளிடையே ஐந்து எழுத்துக்குள் வேறுபாடு என்றால் அண்மைப் பரவலாக இருக்கலாம். பன்னிரண்டைத் தாண்டினால் அநேகமாக இல்லை. என்னுடைய ‘அண்ணனிடமிருந்து தம்பிக்கு’ ஜோடிகளில் சிலவற்றில் வேறுபாடு நூற்றுக்கணக்கில் இருந்தது. அண்ணன் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார், தம்பி வேறொருவரிடம். அத்தியாயம் குப்பைக்குப் போனது. பேராசிரியர் திட்டவில்லை. 2004இல் வெளியான கேப் டவுன் ஆய்வு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்: நோய் மிகுந்த ஒரு பகுதியில் வீட்டுக்குள் நடந்த பரவல் 19 சதவீதம் மட்டுமே. முதலில் அதைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கலாம்.

வைரஸ் பக்கம் இந்த வேலை எளிது என்று சொல்லமாட்டேன், ஆனால் வேறு மாதிரி. கோவிட் வைரஸுக்கு 30 ஆயிரம் எழுத்துகள், மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாறின. அதனால் கிளைகளை அப்போதைக்கப்போதே வரைய முடிந்தது. காசநோயில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிய மூன்று நோயாளிகளின் கிருமியும் ஓரெழுத்துகூட மாறாமல் அப்படியே இருக்கலாம். யாரிடமிருந்து யாருக்கு என்பதை நேர்காணலும் எக்ஸ்ரேயும் பழைய பதிவேடுகளும் வைத்து நீங்கள்தான் துப்புத் துலக்க வேண்டும்.

அடுத்தது இருமல். நான் படிக்கத் தொடங்கியபோது ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சளியைப் பரிசோதி’ என்பதே வேதவாக்கு. அறிகுறி கேட்பதோடு நிற்காமல் எக்ஸ்ரேயும் எடுத்த ஆசிய, ஆப்பிரிக்கக் கணக்கெடுப்புகளை 2020இல் தொகுத்துப் பார்த்தபோது, சளியில் கிருமி உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் எந்த அறிகுறியும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவர்கள் எந்த அளவுக்குப் பரப்புகிறார்கள்? இன்னும் தீராத கேள்வி, என் பார்வையில் இன்றைக்கு இந்தத் துறையின் மிகப் பெரிய கேள்வி. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் அறிகுறியையே கேட்காமல், சம்மதித்த பெரியவர்கள் எல்லோரிடமும் ஆண்டுதோறும் சளி வாங்கிப் பரிசோதித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே நோய் இருந்தவர்களின் விகிதம், வழக்கமான முறை தொடர்ந்த பகுதிகளைவிட 44 சதவீதம் குறைவாக இருந்தது. 2019இல் அந்த முடிவு வந்தபோது எங்கள் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் கேட்டார்: ‘இதற்கு யார் காசு கொடுப்பார்கள்?’

இப்போது நீங்கள் ஆசைப்படும் ‘புதிய’ நோய்கள். 1940க்கும் 2004க்கும் இடையே தோன்றிய 335 நிகழ்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டு. அவற்றில் 60 சதவீதம் விலங்குகளிடமிருந்து வந்தவை. நிச்சயமாக முக்கியமான துறை. போகாதீர்கள் என்று தடுப்பது என் நோக்கமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெர்ரியில் 2005–06இல் நடந்ததைப் படியுங்கள். அநேகமாக எல்லா மருந்துகளையும் எதிர்த்த காசநோய் 53 பேரிடம் காணப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் பதினாறு நாள்கூடத் தாண்டவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தே சாப்பிட்டதில்லை. அப்படியானால் மருந்தைப் பாதியில் விட்டதால் அவர்கள் உடலில் உருவான எதிர்ப்பு அல்ல அது. எதிர்ப்போடு வந்த கிருமி நேரடியாகத் தொற்றியிருக்கிறது. பரிசோதித்த நோயாளிகள் எல்லோருக்கும் எச்ஐவி இருந்தது. பழைய நோய், புதிய நோய் என்று கோடு கிழிப்பவர்கள் இதை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

எதிர்த் திசையிலும் கடன் உண்டு: புதிய நோய்களின் ஆய்வு காசநோயிடம் பட்ட கடன். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரைலி, வெல்ஸ் என்ற ஆய்வாளர்கள் காசநோய் வார்டின் காற்றை அப்படியே குழாய் வழியாகக் கூரைமேல் இருந்த கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். மாதத்துக்குச் சராசரியாக மூன்று பன்றிகளுக்குத் தொற்றியது. புற ஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பின. அதிலும் எல்லா நோயாளிகளும் சமமாகப் பரப்பவில்லை. ஒரு சிலரே பெரும்பாலான தொற்றுக்குக் காரணம். காற்று வழியாகப் பரவுமா, சிலர் மட்டும் அதிகம் பரப்புவார்களா என்று 2020இல் உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டபோது, காசநோய்க்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. அதே ஆண்டு புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகளின் எண்ணிக்கை 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாகச் சரிந்தது. நோய் குறையவில்லை. தேடுவதற்கு ஆள் இல்லை.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. பரபரப்பில் நன்றாக வேலை செய்பவர் என்றால், மூன்று வாரத்தில் கட்டுரை வெளிவந்தாக வேண்டும் என்ற அவசரம் பிடிக்கும் என்றால், வைரஸ் பக்கம் போங்கள். ஒரே பதிவேட்டோடு பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தப் பொறுமை இருந்தால் இங்கே வரலாம். எதுவானாலும் சேர்வதற்கு முன் வழிகாட்டியிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறதா, இனிமேல்தான் திரட்ட வேண்டுமா? காசநோயில் ‘இனிமேல்தான்’ என்று பதில் வந்தால் உங்கள் உதவித்தொகை முடியும்போது முதல் நோயாளி சேர்ந்திருப்பார். இரண்டாவது, களப்பணியாளர்களோடு குறைந்தது சில வாரங்கள் சுற்ற அனுமதி உண்டா என்பது. ‘சளி தரவில்லை’ என்ற கட்டத்தில் போட்ட ஒரு டிக், ஆள் வீட்டில் இல்லை என்பதையும் குறிக்கலாம், சளியே வரவில்லை என்பதையும் குறிக்கலாம், வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் என்பதையும் குறிக்கலாம். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த மூன்றும் ஒரே எண்ணாகத்தான் உங்களிடம் வந்து சேரும்.

கடைசியாக, உங்களுக்கே நோய் தொற்றிவிடுமோ என்று வீட்டில் பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். உயிருள்ள கிருமியை வளர்க்கும் ஆய்வகத்துக்கு உயர் பாதுகாப்பு அறை, முகத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் சுவாசக் கவசம், காலாகாலத்தில் உங்களுக்கே பரிசோதனை எல்லாம் தேவை. இவை இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். களத்துக்குப் போகும் நாட்களில் நோயாளியோடு வெளியில், காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சளியையும் வெளியிலேயே சேகரிக்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அதுதான் எழுதப்படாத சட்டம்.